வகுப்பாசிரியர் இன்சுலின் ஊசிக்குப் பொறுப்பேற்க வேண்டுமா?

தெம்பனிஸ்வாசி:
இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு; உடலில் இன்சுலின் சுரக்காததால் உணவுக்கு அதை ஊசியாகப் போட வேண்டும். ஊசியைத் தானே குத்திக்கொள்ள அவள் பழகிவிட்டாள். ஆனால் இடைவேளையில் உண்ணப்போகும் உணவில் மாவுச்சத்து எவ்வளவு, அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று கணக்கிட்டு, பேனா ஊசியின் திருகைச் சரியான எண்ணில் நிறுத்துவது எட்டு வயதுப் பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய காரியமன்று. பெரியவர் ஒருவர் அருகில் நின்று அந்த எண்ணைப் பார்த்து உறுதிசெய்தால் போதும் என்று பள்ளியிடம் கேட்டேன். மருந்து தொடர்பான எதிலும் ஆசிரியர்கள் ஈடுபட மாட்டார்கள், பெற்றோர் வந்து கொடுக்கலாம் என்றார்கள். முழுநேர வேலையை விட்டுவிட்டு, பள்ளி நாள்தோறும் இடைவேளைக்கு நான் போய் நிற்கிறேன். 2003 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர்மேல் வைக்கிறது. பள்ளிக்குள் அவள் பாதுகாப்பாகச் சாப்பிடுவதற்கு யார் பொறுப்பு? ஆசிரியர்கள்தாம் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
வணக்கம் அம்மா. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன். உங்களுக்குக் கிடைத்த பதில் கடுமையானது. ஆனால் அதன் பின்னால் உள்ள அச்சம் நியாயமானது. இன்சுலின் அளவு கூடிப்போனால் பிள்ளை சுயநினைவு இழக்கலாம், வலிப்பு வரலாம். நான் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தேன் என்றால் அந்த எண்ணுக்கு நானும் பொறுப்பாளி ஆகிறேன். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் 30 பிள்ளைகள், மேல் வகுப்புகளில் 40 பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். அவர்களில் ஆஸ்துமா உள்ளவர், வலிப்பு உள்ளவர், இறால் ஒவ்வாதவர் எல்லாரும் உண்டு. அரை மணி நேர இடைவேளையில் யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே ஆபத்து. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தாதியர் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் வருகிறார்கள், வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். பள்ளிதோறும் நிரந்தரமாக ஒரு தாதி வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு நானும் கேட்கிறேன்.

காலைநடை:
ஆசிரியர் சொல்வதே சரி. என் பேரனுக்கு ஆஸ்துமா. மருந்தை எப்போது, எப்படி இழுக்க வேண்டும் என்று நாங்கள்தாம் கற்றுக்கொடுத்தோம். பிள்ளையின் நோய் குடும்பத்தின் பொறுப்பு. ஆசிரியர்மேல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் பாடம் நடத்த யார் இருப்பார்?

வெண்சீருடை:
குழந்தைகள் பிரிவில் தாதியாகப் பணிபுரிகிறேன். காலைநடை ஐயா, ஆஸ்துமாவையும் இன்சுலினையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆஸ்துமா நிவாரணியை ஒருமுறை கூடுதலாக இழுத்துவிட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பெரும்பாலும் அவ்வளவே. இன்சுலின் அப்படியன்று.

இங்கே மூன்று வேலைகள் கலந்து பேசப்படுகின்றன. அளவை முடிவுசெய்வது முதலாவது. அது மருத்துவரும் பெற்றோரும் செய்வது. ஆசிரியர் அதில் தலையிடவே கூடாது. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் உணவுப் பெட்டியின்மேல் யூனிட்டை எழுதி ஒட்டி, சாப்பிடுமுன் இரத்தச் சர்க்கரை இன்ன எல்லைக்குள் இருந்தால் இந்த எண், எல்லையைத் தாண்டியிருந்தால் அம்மாவுக்கு அழைப்பு என்று குறித்துவிட்டால் பள்ளியில் கணக்குப் போடும் வேலையே இல்லை. எழுதியிருக்கும் எண்ணும் பேனாவில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது இரண்டாவது. இதைத்தான் நாங்கள் பாட்டிமார்களுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். பட்டம் பெற்ற ஆசிரியருக்கு இது முடியாது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது அவசர உதவி. இதில் விருப்பம், விருப்பமின்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், சில நேரம் காரணமில்லாமல் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் குறும்பு என்று எண்ணித் தண்டித்துவிடக் கூடாது. உடனே சர்க்கரை கலந்த பானமோ பழச்சாறோ கொடுக்க வேண்டும்; வழக்கமான அளவு 15 கிராம் சர்க்கரை, சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் குறைத்து எழுதித் தருவார். 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். சாக்லேட் உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்ட பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைசுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பவே கூடாது. அது படிக்கட்டில் விழும்.

பள்ளிதோறும் தாதி என்ற கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 180 தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன, மருத்துவமனைகளோ அயல்நாடுகளில் தாதியரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. தாதி கிடைத்தாலும் கற்றல் பயணத்துக்கும் முகாமுக்கும் பிள்ளையுடன் போகிறவர் ஆசிரியர்தான். கடுமையான ஒவ்வாமையில் மூச்சு அடைக்கும்போது அட்ரினலின் ஊசியை வெளித்தொடையில் சீருடைக்கு மேலேயே குத்தலாம், குத்த வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து தாதி ஏறி வரும்வரை அது காத்திருக்காது.

பேனாஊசி:
எனக்கு முதல் வகை நீரிழிவு. இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். தெம்பனிஸ்வாசி அக்கா, உங்கள் மகளுக்குத் துணை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் துணை எங்கே நிற்கப்போகிறது என்பதையும் கேளுங்கள். உணவகத்தின் நடுவில் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று பேனாவைப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குக் கூசித்தான் நான் கழிவறையில் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அது அசுத்தமான இடம். அங்கே மயங்கி விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நாற்காலியும் கதவும் உள்ள சிறு அறை போதும்.

இன்னொன்று. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் கைபேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக் கூடாது. தேவை இருந்தால் பள்ளி விதிவிலக்கு அளிக்கலாம். சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டிய உணரி கைபேசிக்குத்தான் அளவை அனுப்புகிறது, சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்கை ஒலியையும் அதுவே எழுப்புகிறது. விதிவிலக்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கி எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆசிரியர் வரும் ஒவ்வொரு முறையும் தன் நோயை வகுப்பின் முன் விளக்கும் நிலைக்கு எந்த மாணவரையும் தள்ளாதீர்கள்.

தெம்பனிஸ்வாசி:
தனி அறை பற்றி நான் நினைத்துப் பார்க்கவே இல்லை தம்பி, நன்றி. கரும்பலகை ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100ஆவது பிரிவு, உடல்நலக் குறையுள்ள மாணவர்களுக்கு ஆதரவு ஏற்பாடு செய்வதைப் பள்ளிகளின் கடமையாக 2014 செப்டம்பர் முதல் ஆக்கியிருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கரும்பலகை:
அந்தச் சட்டத்தோடு வந்த வழிகாட்டியையும் படியுங்கள் அம்மா. பள்ளி ஊழியர் எவரிடமும் உதவி கேட்கலாம், ஆனால் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. கடமை பள்ளியை நடத்துபவருடையது, தனி ஆசிரியருடையதன்று. நான் இத்தனை நேரம் வாதிட்டதும் அதற்காகத்தான். மருத்துவர் கையொப்பமிட்ட பராமரிப்புத் திட்டம், மருத்துவமனைத் தாதி நேரில் தரும் பயிற்சி, நல்லெண்ணத்தில் செய்து பிழை நேர்ந்தால் அமைப்பு என் பின்னால் நிற்கும் என்ற எழுத்துறுதி ஆகிய மூன்றும் இருந்தால் நானே பெயர் கொடுப்பேன். அவசர உதவிக்கு இவை எதுவும் தேவையில்லை. அதை இன்றும் செய்வேன். வெண்சீருடை அவர்கள் சொன்ன இரண்டாம் வேலைக்கு மட்டும், வெறும் வாய்மொழிக் கோரிக்கையின்பேரில், கை நீட்ட மாட்டேன்.

தெம்பனிஸ்வாசி:
எந்த ஆசிரியரும் பெயர் கொடுக்காத பள்ளியில் என் மகள் படித்தால்? விருப்பத்தை நம்பி எட்டு வயதுப் பிள்ளையை விட முடியாது ஐயா.

கரும்பலகை:
அப்போது ஆளைக் கண்டுபிடிப்பது முதல்வரின் வேலை. அது அலுவலக ஊழியராக இருக்கலாம், அதற்கென்றே நியமித்த உதவியாளராகவும் இருக்கலாம். முதல்வரைப் பாருங்கள், எந்த ஆசிரியர் செய்வார் என்று கேட்காமல், எந்தத் தேதிக்குள் இருவரைப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் விடுப்பில் போகும் நாளுக்கு மற்றவர் வேண்டும் என்பதால் இருவர்.

வெண்சீருடை:
சந்திப்புக்கு முன் உங்கள் மருத்துவமனையின் நீரிழிவுத் தாதியிடம் பேசி, பயிற்சிக்கு எந்த நாள் வர இயலும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேனாவைப் பள்ளியில் எங்கே வைப்பது என்பதையும் அன்றே முடிவுசெய்யுங்கள். வெயிலில் கிடக்கும் பள்ளிப்பையில் இன்சுலின் கெட்டுவிடும்.