பாதாளச் சாக்கடையில் எங்கள் ரோபோவும் அதன் கேபிளும்

பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுநீர்க் குழாய்க்குள் ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் சாவுச் செய்திகள் நிற்காததால், இறுதியாண்டில் எங்கள் சீனியர்கள் விட்டுச்சென்ற குழாய் ஆய்வு ரோபோவை மேம்படுத்துவதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டோம். கேமராவும் விளக்கும் பொருத்திய அந்தச் சிறு வண்டி ஆய்வகத் தரையில் தடங்கலின்றி ஓடும். இன்னும் பயன்பாட்டுக்கு வராத குழாய் ஒன்றில் இறக்கியபோது, அடுத்த மேன்ஹோலில் திரும்பிச் சிறிது தூரம் போனதும் நின்றுவிட்டது.

பெரிய மோட்டார் வேண்டும் என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, பல ஆண்டுகள் குழிக்குள் இறங்கி வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "வண்டிக்குப் பலம் போதும் தம்பி, வாலைத்தான் இழுக்க முடியல" என்றார். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது, குழி விளிம்பில் உரசிய இடத்தில் உறை வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக் கணக்கிட்டால், குழி விளிம்பு, மேன்ஹோல் என்ற இரண்டு செங்கோணத் திருப்பங்களில் இழுவிசை ஏறத்தாழ 5 மடங்காகிறது. ஈரத்தில் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லாதபோது மோட்டாரைப் பெரிதாக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், அவ்வளவுதான். கேபிளே வேண்டாம் என்றால், வைஃபையோ ஈர மண்ணைத் தாண்டி மேலே வராது.

ஆகவே கேபிள் சுருளை மேலே வைக்காமல் வண்டியின் முதுகிலேயே ஏற்றினோம். வண்டி முன்னேற முன்னேறக் கேபிளை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே போகும். கிடக்கும் கேபிள் அசையாததால் உரசலும் இல்லை. திரும்பி வரும்போது சேறோடு சுற்றிக்கொண்டது தனித் தலைவலி. சுருளின் வாயில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து ஓரளவு சமாளித்தோம். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக் கட்டடத்தில், 2011 அக்டோபரில், குயின்ஸ் என்ற ரோபோ கேபிள் சிக்கலால் மூன்றாம் தளத்திலேயே கைவிடப்பட்டதைப் பிறகுதான் படித்தோம். முன்பே படித்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: நாங்களும் இப்படியொரு குழாய் ரோபோ செய்தவர்கள்தான். பயன்பாட்டில் உள்ள குழாயில் இறக்குவதாக இருந்தால் வாயுவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடையில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்-ஐ (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதால் சென்சாரை நம்பித்தான் ஆக வேண்டும். அது காற்றைவிடக் கனமான வாயு என்று தெரிந்திருந்தும் நாங்கள் சென்சாரைக் கேமராக் கம்பத்தின் உச்சியில் வைத்திருந்தோம் (நடுவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்). மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும் என்பதால், ஓடும்போது பொறி பறக்கும் பிரஷ் மோட்டாரையும் மாற்றினோம். ஆனால் எங்களை உண்மையில் படுத்தியது செம்பு இணைப்புகள்: ஹைட்ரஜன் சல்பைடு பட்டுச் சில வாரங்களில் கன்னங்கரேலென்று கறுத்து, கேமராப் படம் விட்டுவிட்டு வந்தது. பூச்சுத் திரவம் வாங்கப் பணமில்லாமல், சர்க்யூட் போர்டு முழுவதும் தோழி ஒருத்தியின் நெயில் பாலிஷைப் பூசினோம். சிவப்பு நிறம்தான் கிடைத்தது.