ஆத்து வெள்ளத்தை திரும்ப உள்ள விடுறதுக்கு எதுக்கு இவ்ளோ காசு? யோலோ பைபாஸ் பத்தி ஒரு சந்தேகம்

கரைமேட்டான்:
வணக்கம் மக்களே. 2024 நவம்பர்ல கலிஃபோர்னியால ப்ராப் 4னு மக்கள் ஓட்டுக்கு விட்ட தீர்மானம் பாஸ் ஆச்சுல்ல, 10 பில்லியன் டாலர் பாண்ட், அதாவது அரசாங்கம் வாங்குற கடன், அதுல ஒரு பங்கு மீன், பறவை வாழிடம், ஆத்தோர நிலம் இதுக்கெல்லாம் போகுதாம். இதுக்கு முன்னாடி 2014ல ப்ராப் 1 ஏழரை பில்லியன், 2018ல ப்ராப் 68 நாலு பில்லியன். எனக்கு என்ன புரியலைன்னா, வெள்ளம் வராம இருக்க கரை கட்டினதும் அரசாங்கம், இப்போ கரையை வெட்டி தண்ணிய உள்ள விடுறதுக்கு காசு குடுக்கறதும் அரசாங்கம். சாக்ரமெண்டோ தாண்டி ஐ-80 பாலத்துல போறப்போ மழைக்காலத்துல யோலோ பைபாஸ் (ரோடு இல்ல, ஆத்து வெள்ளத்தைத் திருப்பி விடுற தாழ்வான நிலம்) ரெண்டு பக்கமும் கடல் மாதிரி கிடக்குது, எங்க பாத்தாலும் வாத்துக் கூட்டம்தான். அதான் ஏற்கெனவே நடக்குதே, அப்புறம் என்ன மீட்கறாங்க? வம்புக்கு கேக்கல, வரி கட்டுறவனா கேக்கறேன்.

கலிங்கு:
நல்ல கேள்வி ப்ரோ. நீங்க பாத்த தண்ணி ஆத்துலேர்ந்து எப்பவும் வர்றது இல்ல, அங்க ஃப்ரீமாண்ட் வியர்னு கிட்டத்தட்ட ரெண்டு மைல் நீளத்துக்கு ஒரு கலிங்கு இருக்கு, 1924ல கட்டினது, சாக்ரமெண்டோ ஆறு அந்த மட்டத்துக்கு மேல ஏறினாதான் பைபாஸுக்குள்ள வழியும். அது ஊரைக் காப்பாத்த கட்டினது, மீனுக்காக இல்ல. சால்மன் குஞ்சுங்க கடலுக்கு இறங்குற குளிர்காலத்துல ஆறு அந்த அளவு ஏறலைன்னா கதவு சாத்தின மாதிரிதான், குஞ்சு நேரா ஆத்தோட போயிடும், ஆத்துல தீனி கம்மி. வழிஞ்ச வருஷத்துலயும் இன்னொரு தொல்லை, வெள்ளம் வடியுறப்போ மேல ஏறி வந்த பெரிய சால்மனும் ஸ்டர்ஜன் மீனும் கலிங்குக்குக் கீழ குட்டையில மாட்டிக்கும்.

அதுக்குத்தான் கலிங்குல ஒரு பெரிய வெட்டு போட்டு ஷட்டர் வச்சிருக்காங்க, பிக் நாட்ச்னு பேரு, 2022ல வேலை ஆரம்பிச்சது. இது தர்மக் கணக்கு இல்ல பாருங்க. அணையும் பம்ப் ஸ்டேஷனும் ஓட்டணும்னா அழியுற நிலையில இருக்கற மீனுக்கு இதையெல்லாம் செஞ்சு குடுன்னு 2009ல மத்திய மீன்வளத் துறை போட்ட கண்டிஷன்ல வந்தது. அதுக்கும் முன்னாடி 1992 சட்டப்படி சென்ட்ரல் வேலி ப்ராஜெக்ட்ல (மத்திய அரசோட அணை, கால்வாய் திட்டம்) தண்ணி வாங்குறவங்களும் கரண்ட் வாங்குறவங்களும் தனியா ஒரு கட்டணம் கட்டுறாங்க, அது மறுசீரமைப்பு நிதிக்குப் போகுது. அதனால வரி கட்டுறவர் தலையில மட்டும் எல்லாம் விழலை.

அரிதாள்:
மேல சொன்னதோட நெல் வயல் கதையையும் சேக்கணும், எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்ச பகுதி. முன்னாடி சாக்ரமெண்டோ வேலில அறுப்பு முடிஞ்சா வைக்கோலைக் கொளுத்துவாங்க, ஊரெல்லாம் புகை. 1991ல அதைப் படிப்படியா நிறுத்த சட்டம் வந்துச்சு, சரி கொளுத்தக் கூடாதுன்னா மக்க வைப்போம்னு விவசாயிங்க குளிர்காலத்துல வயல்ல தண்ணி கட்ட ஆரம்பிச்சாங்க, அங்க வந்து உக்காந்துச்சு வலசைப் பறவைங்க. பறவைக்குன்னு யாரும் பத்து பைசா செலவு பண்ணலை, புகைக்குப் போட்ட சட்டம் அது! அப்புறம் 2012ல யோலோ பைபாஸ்ல நேக்ஸ் ராஞ்ச்னு ஒரு இடத்துல இதே மாதிரி தண்ணி கட்டின வயல்ல சால்மன் குஞ்சு விட்டுப் பாத்தாங்க. ஆத்துல வளர்ந்ததை விட வேகமா பெருத்துச்சு. காரணம் சிம்பிள், தண்ணி ஆழமில்லாம வெயில் பட்டு நிக்குது, அரிதாள் அழுகுது, அதைத் தின்ன நுண்ணுயிர், அதைத் தின்ன தண்ணிப்பூச்சி, அதைத் தின்ன மீன். ஒரு கிளாஸ்ல மொண்டு வெளிச்சத்துல பாத்தா பூச்சி துள்ளுறது கண்ணுக்கே தெரியும், ஆத்துத் தண்ணில அப்படி இருக்காது.

காசு விஷயத்துக்கு வர்றேன். நிலத்தை வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. நேச்சர் கன்சர்வன்சிங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2014ல பேர்ட் ரிட்டர்ன்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, பறவை பாக்கறவங்க பதிவு பண்ற ஈபேர்ட் டேட்டாவை வச்சு எந்த வாரத்துல எங்க பறவைக்கு தண்ணி இல்லைன்னு பாத்துட்டு, விவசாயிங்ககிட்ட தலைகீழ் ஏலம் விடுறாங்க, இத்தனை வாரம் தண்ணி நிறுத்த எவ்ளோ கேப்பீங்கன்னு. கம்மியா கேட்டவருக்கு கான்ட்ராக்ட். சீசன் முடிஞ்சா வயல் அவரோடது.

பழைய படகு:
வாடகை எல்லாம் சரிதான் அரிதாள், ஆனா வறட்சி வருஷத்துல என்ன செய்வீங்க? விவசாயிக்கே தண்ணி இல்லாதப்போ ஏலத்துல யார் வருவா? பறவைக்கு ரொம்ப தேவைப்படுற வருஷத்துலதான் வாடகை நிலம் கிடைக்காது. நிரந்தரமா ஒண்ணு வேணும். சான் வாகீன் ஆறும் டுவாலமி ஆறும் சேர்ற இடத்துல டோஸ் ரியோஸ்னு பால்பண்ணை நிலம், 2012ல வாங்கி, கரையைத் திறந்து, மரம் நட்டு, 2024ல ஸ்டேட் பார்க்கா திறந்தாங்க. பன்னிரண்டு வருஷம். பல இடத்துலேர்ந்து நிதி சேத்துத்தான் முடிச்சாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபார்ம், தனி ரிப்போர்ட்.

என் கோபம் வேற. பாண்ட் காசு பொதுவா நிலம் வாங்க, தோண்ட, கட்டத்தான். அப்புறம் களை எடுக்க, ஷட்டர் பாக்க, வாய்க்கால்ல மண்ணு வார வருஷா வருஷம் காசு வேணுமே, அதை எங்கேர்ந்து எடுப்பீங்கன்னு கேட்டா எல்லாரும் மேல பாப்பாங்க. ரிப்பன் வெட்ட ஆள் வருவாங்க, களை வெட்ட வர மாட்டாங்க.

வாத்துக்காரன்:
வேட்டைக்காரங்களையும் கொஞ்சம் சொல்லுங்கப்பா. 1934லேர்ந்து டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கு வாங்க வேண்டிய மத்திய அரசு முத்திரை) வாங்குறோம், இப்போ 25 டாலர், ஒரு டாலர்ல 98 சென்ட் வாழிடத்துக்குப் போகுது. எங்க கிளப் ஆளுங்களுக்கு பிக் நாட்ச் மேல வருத்தம் உண்டு. மேய்ற வாத்துக்கு தலையைக் கவுத்தா தரை எட்டணும், ஒரு முழத்துக்கும் கம்மியா தண்ணி வேணும், உள்ளானுக்கு அதுலயும் பாதி போதும். மீன்காரங்க ஆழமா கேக்கறாங்க, அதுவும் ஆத்தோட தொடர்பு விடாம. ஒரே தண்ணில மூணு பேரையும் திருப்திப்படுத்த முடியாது.

கலிங்கு:
வாத்துக்காரர் சொல்றது நியாயம். அதனாலதான் அந்த ஷட்டரை நவம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும்தான் ஓட்டணும்னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல போனா பைபாஸ்ல நெல்லு, தக்காளி போடுறவங்களுக்கு நடவு தள்ளிப்போகும். வாத்து சீசனோட மோதுறது மட்டும் தீரலை, அது உண்மை.

கரைமேட்டான்:
எல்லாருக்கும் நன்றி. அப்போ ஒரு ப்ராஜெக்ட்டுக்கு யார் யார் எவ்ளோ போட்டாங்கன்னு நம்மால பாக்க முடியுமா?

பழைய படகு:
முடியும். வாழிடத்துக்கு காசு ஒதுக்குற மாநில அமைப்பு வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் போர்டு, அதோட மீட்டிங் அஜெண்டா பொதுவுல போடுவாங்க, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் மொத்த செலவு, யார் பங்கு எவ்ளோன்னு இருக்கும். பராமரிப்பு யார் பொறுப்புன்னு எழுதியிருக்கற இடத்தை முதல்ல படிங்க. அங்க ஒரே ஒரு வரி இருந்தா மீட்டிங்ல எழுந்து கேளுங்க, பொதுமக்கள் பேச நேரம் தருவாங்க.