கைபேசி மூட்டிய கலவரம்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

சம்மாந்துறை: 2018 பெப்ரவரி, அம்பாறைக் கொத்துக்கடை, மலட்டு மாத்திரைக் கதை: முஸ்லிம் கடைக்காரர் சிங்களவர்களின் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலக்கிறார் என்ற பொய்யில் மூண்ட கலவரம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்போது நான் அம்பாறை நகரில் வேலை செய்தேன். மறுநாள் மதியம் சிங்கள நண்பர் ஒருவர் கைபேசியை நீட்டினார். கடைக்காரரைச் சுற்றி நின்று அதட்டுகிறார்கள்; சிங்களம் சரியாக வராத அந்த மனிதர், கலந்தது உண்மைதான் என்பதுபோல் ‘ஆம்’ என்று சொல்லிவிடுகிறார். காணொளி முடிந்ததும் நண்பர் என் சோற்றுப் பார்சலைப் பார்த்தார். தினமும் அதில் பாதியை உண்பவர், அன்று கைகழுவ எழவே இல்லை. சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. அதை யார் பகிர்ந்தார்கள்?

கல்லடி: 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு. அன்றே முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். முடக்கி என்ன பயன்? அக்கா மகன் தடையைத் தாண்டும் விபிஎன் செயலியைப் போட்டு ஒரு குரல்பதிவை எடுத்துவந்தான்: குழாய்த் தண்ணீரில் நஞ்சாம். பக்கத்து வீட்டு மாமி குடம் குடமாக முற்றத்தில் கொட்டினார். பேரப்பிள்ளை பாலுக்கு அழ, கரைத்து வைத்திருந்த போத்தலையும் பிடுங்கி ஊற்றிவிட்டார்.

கல்முனை: தங்கச்சி, தடையால் பயனில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது ஒரு வாரம் முகநூலை மூடியிராவிட்டால் இன்னும் எத்தனை ஊர் எரிந்திருக்குமோ! வெறுப்புப் பதிவுகளை முறையிட்டவர்களுக்கு ‘விதிமீறல் இல்லை’ என்றே பதில் வந்தது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். ஈஸ்டர் குண்டுகளுக்கு ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் குண்டுதாரிகளின் கூட்டத்தார் தங்கிய வீடு வெடித்தபோது இறந்த பிள்ளைகளின் படங்கள் எங்கள் குழுவுக்கு வந்தன. என் மகள் பார்த்துவிட்டாள். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். குரல்பதிவு வந்தால் பேசுபவரின் பெயர், ஊர், திகதி இருக்கிறதா என்று பாருங்கள். படமென்றால் கூகுளில் போட்டுத் தேடுங்கள். சிரியாவில் எடுத்தது நம் சந்தியில் எடுத்ததாக வரும். குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் பொய்யை அனுப்பினால் அங்கேயே மறுக்காதீர்கள், ரோஷத்தில் இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார். தனியாக அழைத்துப் பேசுங்கள். பிள்ளைகளின் கைபேசியில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள்.

கல்லடி: ஐயா, தடை பொய்யை மட்டுமா தடுத்தது? தேவாலயக் குண்டில் காயப்பட்டவர்களில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள், எந்த வகை இரத்தம் வேண்டும் என்று அறிய வழியில்லாமல் எங்கள் ஆட்கள் போதனா வைத்தியசாலை வாசலில் இரவுவரை நின்றார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.