சம்ப் கீழ் அறையில், மீன் தொட்டி மேலே ஹாலில்: எந்த பம்ப் ஏற்றும்?

குலசேகரத்துக்காரன்:
எங்கள் வீடு குலசேகரம் பக்கம், சரிவில் கட்டியது. ரோட்டில் நின்று பார்த்தால் ஒரே நிலை. பின்பக்கம் இறங்கினால் அடியில் இன்னொரு அறை, ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கிற இடம். ஹாலில் 5×2×2 அடி தொட்டி, உள்ளே பன்னிரண்டு மிஸ் கேரளா மீன்கள். ஓடுகிற வெள்ளம் (எங்கள் பக்கம் தண்ணீரை அப்படித்தான் சொல்வோம்) இல்லாவிட்டால் அவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

சம்ப், அதாவது மீன் தொட்டி வெள்ளம் இறங்கி, வடிகட்டி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகிற கீழ்த்தொட்டி, முதலில் மீன் தொட்டிக்கு அடியில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க கொடகொட சத்தம். அம்மா திட்டித் தீர்த்த பிறகு தரையில் துளை போட்டு அதைக் கீழ் அறைக்கு இறக்கினேன். சம்ப் 4×1.5×1.5 அடி, அதில் ஓர் அடி வெள்ளம் நிற்கும். கீழ்த் தரையிலிருந்து தொட்டி விளிம்பு வரை 14.5 அடி.

பெட்டியில் 6000 லிட்டர் என்று போட்ட பம்ப் வாங்கினேன். மேலே ஒரு சொட்டு வரவில்லை. கண்ணாடி ஓஸ் என்பதால் தெரிகிறது: தொட்டியின் அடிப்பலகை வரை வந்து அப்படியே நிற்கிறது. கடையில் கேட்டால் 10000 லிட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் அரை ஹெச்பி மோனோபிளாக் (கிணற்று வெள்ளம் ஏற்றுகிற மாதிரி மோட்டார் பம்ப்) ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் என்ன?

மார்த்தாண்டம் வைண்டிங்:
தம்பி, பெட்டியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். 6000-க்குக் கீழே சின்ன எழுத்தில் ஹெட் 3.5 மீட்டர் என்று இருக்கும், பந்தயம். லிட்டர் என்பது ஏற்றமே இல்லாமல் அளந்தது. மீட்டர் என்பது வெள்ளம் முட்டி நின்றுவிடும் உயரம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. 3.5 மீட்டர் பதினொன்றரை அடி. சம்பின் ஓர் அடியைச் சேர்த்தால் தரையிலிருந்து பன்னிரண்டரை. உங்கள் அடிப்பலகை அங்கேதான் இருக்கிறது. பம்ப் மேல் குற்றம் இல்லை.

10000 லிட்டர் பம்பிலும் ஹெட் 4 மீட்டர் என்றுதான் போட்டிருந்தால் காசு வீண். உங்களுக்கு வேண்டிய கணக்கு இது. தொட்டியில் ஏறக்குறைய 500 லிட்டர். மணிக்கு நாலு சுற்று போதும், அதாவது 2000 லிட்டர். மீனுக்கு ஓட்டம் வேண்டுமென்றால் தொட்டிக்குள் தனியாக வேவ்மேக்கர் (உள்ளேயே வெள்ளத்தைத் தள்ளிவிடும் சின்ன விசிறி) போடுங்கள். 14 அடி ஏற்றி ஓட்டம் உண்டாக்குவது கரண்டுக்குப் பிடித்த சனி. சம்ப் வெள்ள மட்டத்திலிருந்து விளிம்பு வரை 4.1 மீட்டர். குழாய், எல்போ எல்லாம் தின்பது இன்னொரு மீட்டருக்குள். ஆக, 5 மீட்டரில் 2000 லிட்டர் தருமா என்று பம்பின் கர்வ் படத்தில், அதாவது எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்று காட்டும் கோட்டுப் படத்தில் பாருங்கள். கர்வ் காட்டாத கம்பெனியின் பம்பைத் தொடாதீர்கள். ஹெட் 7, 8 மீட்டர் உள்ளதாகத் தேடினால் சரியாக வரும்.

டிசி பம்பில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். வேகம் 70 சதவீதம் ஆனால் ஹெட் ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்கள் உயரத்துக்கு அந்த வசதி பாதி அலங்காரம்தான். ஓட்டம் கூடினால் வெளியேறும் பக்க வால்வைத் திருகுங்கள், உறிஞ்சும் பக்கம் வேண்டாம்.

மோனோபிளாக்கை மறந்துவிடுங்கள். நான் வைண்டிங் செய்கிறவன், அதை 24 மணி நேரமும் ஓட்டினால் எனக்குத்தான் லாபம். 500 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். 100 வாட் பம்ப் 144. மோனோபிளாக்கில் பித்தளை இம்பெல்லர் (உள்ளே சுற்றும் சக்கரம்) இருந்தால் செம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளத்தில் கலக்கும். மீன் தாங்கினாலும் இறால் தாங்காது.

குழாய் ஒன்றேகால் இஞ்சுக்குக் குறைய வேண்டாம். பம்ப் வாய் ஒரு இஞ்ச் என்றாலும் அங்கேயே ரெடியூசர் (அளவு மாற்றும் இணைப்பு) போட்டுப் பெரிதாக்குங்கள்.

பாறசாலை மீன்காரன்:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்கவில்லையே. ரிட்டர்ன் வாய், அதாவது பம்ப் குழாய் மேலே தொட்டியில் முடியும் இடம், வெள்ளத்துக்குள் எத்தனை இஞ்ச் இறங்கியிருக்கிறது?

குலசேகரத்துக்காரன்:
நாலு இஞ்ச்.

பாறசாலை மீன்காரன்:
அப்படியென்றால் பம்ப் நின்றதும் சைஃபன் பிடித்து, அதாவது அதே குழாய் வெள்ளத்தைத் தானாக உறிஞ்சி, 90 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்பதும் சேர்த்தால் 110. சம்பில் மிச்சம் இருப்பது அரை அடி, 80 லிட்டர் கொள்ளும். மீதி 30 உங்கள் ரப்பர் ஷீட்டுக்கு. வாயை மேலே தூக்குங்கள், வெள்ள மட்டத்துக்கு ஒரு விரல் கீழே குழாயில் சின்னத் துளையும் போடுங்கள். காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்கும், மாதம் ஒரு முறை ஈர்க்குச்சி விட்டுக் குத்துங்கள். வெள்ளத்தைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையதில் ஒரு நத்தை உட்கார்ந்து, இடவப்பாதி மழை ராத்திரியில் தரையெல்லாம் வெள்ளம்.

அந்த அறையில் ஈரம் ஏறும். ஷீட்டில் பூசணம் வந்தால் கிரேடு போகும். எக்சாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

குலசேகரத்துக்காரன்:
பெட்டியில் 3.5 மீட்டர்தான், அண்ணே. இன்னொரு கடையில் கர்வ் படத்தோடு 8 மீட்டர் பம்ப் கிடைத்தது, 110 வாட். ஒன்றேகால் இஞ்ச் குழாயில் 15 லிட்டர் வாளி 27 நொடியில் நிறைகிறது. வாயைத் தூக்கித் துளை போட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். சம்ப் மூன்றரை இஞ்ச் ஏறி நின்றது. ஃபேன் ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும். அதுவரை ஷீட்டெல்லாம் ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில். வாடை தாங்கவில்லை என்று அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.