அப்பா காது மிஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார், என்ன செய்வது?

பெரம்பூர் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தார். காதில் பஞ்சுகூட வைத்துக்கொண்டதில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்தே எங்கள் வீட்டு டிவி பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஓடும். இரண்டு மாதம் முன்பு சீட்டு எடுத்து, இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் போட்டார். இப்போது அது சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கேட்டால், "சத்தம்தான் கேக்குது, பேச்சு கேக்கல" என்கிறார்.

போன வாரம் கண் டாக்டரிடம் தனியாகப் போனார். அங்கே டோக்கன் நம்பரை வாயால்தான் கூப்பிடுவார்களாம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காட்டாமலே திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது என் மகள் ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அப்புறம் மெதுவாக, "பாப்பா என்ன சொன்னா?" என்று என்னைக் கேட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே "ஒண்ணுமில்லப்பா" என்றேன். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்து போனார். அது மனதை விட்டுப் போகவில்லை. வேறு மிஷின் வாங்க வேண்டுமா?

அயனாவரம் நர்ஸ்:
வேறு வாங்குவதற்கு முன், வாங்கிய இடத்துக்கே கூட்டிப் போங்க. ஆடியோகிராமை, அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை வரைபடத்தை வைத்து இரண்டு மூன்று தடவையாவது சரிசெய்ய வேண்டி வரும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஈஎன்டி டாக்டரிடம் பார்த்துவிடுங்க. பேட்டரி மாற்றுகிற வகையாக இருந்தால், ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போட்டு மூடாதீங்க. அது காற்றில் வேலை செய்கிற பேட்டரி, சில நிமிடம் வெளியே இருக்கட்டும்.

கோடம்பாக்கம் டெய்லர்:
தங்கச்சி, நானும் 19 வருடமாகக் காதில் மிஷின் போடுகிறவன். உங்க அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இயந்திர இரைச்சலில் முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். அதோடு ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மையும் போய்விடும். ஆ, ஓ எல்லாம் கேட்கும். அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேச்சென்று பிடிபடாது. ஆண் குரலைவிடக் குழந்தைக் குரல் இன்னும் கஷ்டம். கத்தினாலும் பயனில்லை. வாய் கோணிவிடும், குரல் உச்சத்துக்கு ஏறும், எங்களுக்குத் தெரிவது கோபமான முகம் மட்டும்தான்.

நாங்கள் பாதியைக் கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்து நிரப்புகிறோம். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'அப்பா' என்றும் 'அம்மா' என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நாள் முழுக்க இப்படி ஊகித்து ஊகித்துச் சாயங்காலம் தலை வலிக்கும். அப்போது மிஷினைக் கழற்றினால்தான் நிம்மதி. அவரைத் திட்டாதீங்க.

சமையலறையிலிருந்து பேச வேண்டாம். மிக்சியை நிறுத்திவிட்டு, முன்னால் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். எதைப் பற்றி என்று முதலில் சொல்லிவிடுங்கள்: "அப்பா, கரண்ட் பில்லு..." பிடிபடவில்லையா, அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள். 'பாட்டி வர்றாங்க' புரியாதபோது 'ஊர்லேர்ந்து ஆயா பஸ் ஏறிட்டாங்க' என்றால் சட்டென்று புரியும்.

மிஷினை முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம் போடட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விபூதித் தட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம், தூள் மைக் ஓட்டையில் புகுந்துவிடும். நம்ம ஊர் வியர்வையும் அதற்கு எதிரி. ராத்திரி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு சீட்டு எழுதி, டோக்கன் கொடுக்கிற இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்: 'எனக்குக் காது சரியாகக் கேட்காது. என் முறை வந்ததும் தோளைத் தொட்டுக் கூப்பிடவும்.' ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது, எதிரே பேசுவதைத் தமிழிலேயே எழுதிக் காட்டும். பெயர்களைத் தப்பாக எழுதும், ஆனாலும் மாத்திரை ஒருவேளையா இருவேளையா என்று படித்துவிடலாம்.

அப்புறம் அந்த 'ஒண்ணுமில்ல'. தயவுசெய்து அந்த ஒரு சொல்லை விட்டுவிடுங்கள். காது கேட்காததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியாது. அற்ப விஷயமானாலும் முழுசாகச் சொல்லுங்கள்.

கேகே நகர்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி கணக்கில் வரும். ஆடியோகிராமில் அந்த எண்ணைப் பாருங்கள். இருந்தால் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும்.

பெரம்பூர் மகள்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை, மிஷினைச் சரிசெய்கிற ஆடியோலஜிஸ்ட்டிடம் போகிறோம். டெய்லர் அண்ணா, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

இன்று காலை ஃபேனையும் நிறுத்திவிட்டு அப்பா எதிரில் உட்கார்ந்தேன். மிஷினை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்பா, ஞாயித்துக்கிழமை பாப்பா சொன்னது" என்று ஆரம்பித்து, தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் பல் விழுது என்று அவள் சொன்னதைச் சொன்னேன். இரண்டாவது தடவை மாற்றிச் சொன்னதும் புரிந்தது. உள்ளே திரும்பி அவளைக் கூப்பிட்டு, வாயைத் திறந்து காட்டி, "எனக்கு மூணு, உனக்கு ரெண்டுதான்" என்றார்.