லோரா தூரம்: சூத்திரத்தில் 1,500 கி.மீ., மென்பொருளில் 12, நேரில் 4. எதை நம்புவது?

மின்மினி:
868 மெகாஹெர்ட்ஸ் லோரா கருவி (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு தகவல் அனுப்பும் ரேடியோ) இரண்டு வைத்திருக்கிறேன். அனுப்பும் திறன் 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு), இரண்டு பக்கமும் 2 டிபிஐ கெயின் உள்ள ஆன்டெனா, ரிசீவர் −137 டிபிஎம் வரை பிடிக்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஒன்று 10 மீட்டர் கம்பத்தில், இன்னொன்று கையில், ஒன்றரை மீட்டர் உயரம் இருக்கும். வெற்றிடச் சூத்திரத்தில் (32.44 + 20 லாக் கி.மீ. + 20 லாக் மெகாஹெர்ட்ஸ்) போட்டால் 1,500 கி.மீ.க்கு மேல் வருகிறது, சிரிப்புதான். ரேடியோ மொபைல் (சிக்னல் எட்டும் இடத்தை வரைபடத்தில் காட்டும் மென்பொருள்) 12 கி.மீ. வரை நிறம் பூசுகிறது. நடந்து பார்த்தால் 4 கி.மீ. தாண்டியதும் பாக்கெட் வருவதே இல்லை. கருவியில் கோளாறா, கணக்கிலா?

டெசிபல்தாசன்:
இரண்டிலும் இல்லை. வழியில் செலவழிக்க உங்களிடம் 155 டெசிபல் (14 + 2 + 2 + 137) இருக்கிறது, அது சரி. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. தரையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை ஏறக்குறைய அழித்துவிடும், அதனால் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போக வேண்டிய இடத்தில் 12 போகும். 10 கி.மீ.க்கு வெற்றிடக் கணக்கில் இழப்பு 111 டெசிபல். உங்கள் ஆன்டெனா உயரங்களை வைத்துச் சமதரைக் கணக்கு போட்டால் 136 தாண்டும். கையில் மிஞ்சுவது 18 டெசிபல் சொச்சம். நாலு மரமும் ஒரு மாடிக் கட்டடமும் போதும், அதைத் தின்றுவிட. போதாததற்கு −137 என்பது ஆய்வகத்து எண், சுற்றிலும் இரைச்சல் இருக்கும் இடத்தில் அது கிடைக்காது.

மேடுபள்ளம்:
ரேடியோ மொபைல் உள்ளே ஓடுவது, அலையின் இழப்பைக் கணிக்கும் லாங்லி-ரைஸ் மாடல். 1960களில் செய்தது, 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். மேடுபள்ளத்தை நன்றாகப் பார்க்கும், கட்டடத்தையும் மரத்தையும் பார்க்காது. நிலப்பயன்பாட்டுத் தரவைத் தனியாக ஏற்றி உயரம் கொடுத்தால்தான் கொஞ்சமாவது சேர்த்துக்கொள்ளும். உயரத் தரவு பெரும்பாலும் 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம், அதுவும் 30 அல்லது 90 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் தரைக்குப் பதில் மர உச்சிக்குப் பக்கத்து உயரத்தையே தரை என்று எழுதி வைத்திருக்கும், இது பலரைக் குழப்புகிற விஷயம்.

அப்புறம் நேரம், இடம், சூழல் என்று மூன்று சதவீதங்கள் கேட்கும், பாருங்கள். இடத்துக்கு 50 கொடுத்தால், நிறத்தின் ஓரத்தில் பாதி இடங்களில்தான் கிடைக்கும் என்று பொருள். 90 போட்டு மறுபடி ஓட்டுங்கள், படம் சுருங்கும்.

மின்மினி:
90 போட்டேன், 7 சொச்சத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் திறனைக் கூட்டுவதா, கம்பத்தை உயர்த்துவதா?

டெசிபல்தாசன்:
கம்பம், யோசிக்கவே வேண்டாம். சமதரையில் 10 மீட்டரை 20 ஆக்கினால் 6 டெசிபல் கிடைக்கும், திறனை நாலு மடங்காக்கியதற்குச் சமம், உரிமக் கட்டுப்பாட்டுத் தலைவலியும் இல்லை. எதிர்ப்பக்கம் தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள்: 10 கி.மீ. பாதையின் நடுவில் முதல் ஃப்ரெஸ்னல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவைப்படும் நீள்உருண்டை இடம்) ஆரமே 29 மீட்டர், அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். உங்கள் 10 மீட்டர் கம்பத்துக்குத் தரையே தடைதான். ஆனால் கம்பம் உயர உயரக் கேபிளும் நீளும், மெல்லிய கேபிள் போட்டால் சம்பாதித்ததை அதுவே விழுங்கிவிடும். கருவியையே மேலே ஏற்றிவிட்டு மின்சாரத்தை மட்டும் கீழிருந்து கொடுங்கள்.

மேடுபள்ளம்:
அதோடு நடக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னலின் பலம்), எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் சொன்ன அளவைவிடச் சராசரியாக எத்தனை டெசிபல் குறைகிறதோ, அதைக் கூடுதல் இழப்பாக மாடலில் சேர்த்துவிட்டால் அடுத்த படம் உங்கள் சுற்றுவட்டாரத்துக்குப் பொருந்தி வரும்.

சிற்றலை:
இதே மென்பொருளில் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போடலாமா?

மேடுபள்ளம்:
கூடாது. அது அயனமண்டலத்தில் பட்டு வளைந்து வருவது, மேடுபள்ளக் கணக்கே வேறு. வோகேப் (சிற்றலைக்கான கணிப்பு மென்பொருள்) என்று தேடுங்கள், தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம்.