வெள்ளியங்கிரி ஏழு மலையை ஒரே பகலில் ஏறி இறங்க முடியுமா? அப்பாவுக்கு வயது 61

கேள்வி: திருப்பூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறிய என் அப்பா, வரும் மார்ச்சில் மீண்டும் ஒருமுறை ஆண்டவரைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு வயது 61. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாள்தோறும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். எனக்கு 29 வயது, ஆனால் மலையேறிப் பழக்கமில்லை. பெரும்பாலோர் இரவில் ஏறி விடியும்போது உச்சியில் இருப்பார்கள் என்று தெரியும். அப்பாவுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால், பொழுது விடிந்ததும் தொடங்கி இருட்டுவதற்குள் அடிவாரத்துக்குத் திரும்பிவிட நினைக்கிறோம். போக ஆறு, வர ஆறு, ஆக 12 கிலோமீட்டர். தினசரி நடையைப் போல மூன்று மடங்குதானே என்கிறார் அப்பா. இந்தக் கணக்கு சரிதானா? ஏறி வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நொய்யல்கரை

தம்பி, அப்பாவின் ஆசை நிறைவேற வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன். இந்த மலையைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவோம். அடிவாரத்தில் உள்ள பூண்டிக் கோயிலைத் தாண்டியதும் தொடங்கும் முதல் மலையே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். கருங்கற்களை அடுக்கிய படிகள் அவை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண், அதற்கடுத்தது சாய்ந்து கிடக்கும். கால் ஒரு தாளத்துக்குப் பழகுவதற்கு அந்தப் படிகள் இடம் கொடுப்பதில்லை. வெள்ளை விநாயகர் கோயிலை அடையும்போது அப்பாவால் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கேயே ஆண்டவரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை.

பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை வரை மரநிழல் கிடைக்கும். அதற்கு மேலே போகப்போக மரங்கள் குறைந்து புல்வெளி விரியும். பகலில் ஏறுகிறவர்கள் வெயிலில் வாடுவதும், தலைக்கு ஒரு துண்டின் அருமையை அறிவதும் அங்கேதான். எல்லோரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்றும் உண்டு. ஆறாவது மலையில் பாதை கீழ்நோக்கி இறங்கி ஆண்டி சுனைக்குப் போகிறது. இறங்கும்போது சுகமாகவே இருக்கும், ஆனால் தரிசனம் முடித்துத் திரும்புகையில் அதே இறக்கம் ஏற்றமாக எதிரே நிற்கும். ஏழாவது மலையின் செங்குத்தில் முழுப் பலத்தையும் செலவழித்துவிட்டவர்கள் அந்த ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆண்டி சுனையின் தண்ணீர் எலும்புவரை குளிரும். வியர்த்த உடம்போடு அப்பாவைச் சட்டென்று அதில் குளிக்க விட வேண்டாம்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். ஆளுக்கொன்று கட்டாயம் வாங்குங்கள். அப்பாவுக்கு எடுக்கும் தடியைத் தரையில் ஊன்றி, அவர் முழு எடையையும் சாய்க்கச் சொல்லி, வளைகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கணுவில் கூராக இருந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும், ஆகவே பிடிக்கும் இடத்தில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 2: பேரூர் ஆசிரியர்

உங்கள் அப்பாவின் கணக்கில் விடுபட்டிருப்பது உயரம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் சொன்ன ஒரு விதி இன்றும் மலை நடைக்குப் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று தூரத்தைக் கணக்கிட்டுவிட்டு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளியங்கிரியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி. அடிவாரத்திலிருந்து பார்த்தால் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஆறு கிலோமீட்டருக்கு 1 மணி 12 நிமிடம், உயரத்துக்கு 2 மணி நேரம், ஆக 3 மணி 12 நிமிடம். ஆனால் இது எங்கும் உட்காராமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கான நேரம். 61 வயதுக்காரருக்கு அதில் பாதியைக் கூட்டி ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். அந்தப் படிகளில் இறக்கமும் விரைவாக இருக்காது. நான்கு மணி நேரம் ஆகும். ஓய்வையும் சேர்த்தால் பத்தரை மணி நேரம்.

மார்ச் மாதத்தில் பொழுது சாய்வது மாலை ஆறரை மணியளவில். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் முடிக்கலாம், ஆனால் தாராளமான நேரம் என்று சொல்ல மாட்டேன். ஆகவே, எந்த மலையில் நின்றாலும் நண்பகல் 12 மணிக்குத் திரும்புவோம் என்று அடிவாரத்திலேயே இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேலே போனபின், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது, அந்த முடிவை எடுக்க எந்த மனமும் ஒப்பாது. இந்த மலை இருக்கும் போளுவாம்பட்டி வனச்சரகம் யானைகள் நடமாடும் காடு. முதல் மலையின் அடியில் இருட்டு வேளையில் இருவர் மட்டும் தனியாக நடக்கும்படி ஆகிவிடக் கூடாது.

பதில் 3: இயன்முறை மருத்துவர்

இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே அறிவுறுத்துகிறது. அதனால் முதலில் அவருடைய மருத்துவரைப் பார்த்து, தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையாக இருந்தால், மலையேறும் அன்று என்ன செய்வது என்பதை அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசை, உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சமதரை நடையில் அதற்குப் பயிற்சியே கிடைப்பதில்லை. கால் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்குவதும், அந்த நடுக்கத்தில் தடுக்கி விழுவதும் அதனால்தான். மருதமலையில் 800-க்கு மேற்பட்ட படிகள் இருக்கின்றன. வாரம் இருமுறை அங்கே ஏறி, பேருந்தில் வராமல் நடந்தே இறங்கச் சொல்லுங்கள். ஆறு வாரங்களில் வேறுபாடு தெரியும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. அவருடைய மருத்துவர் ஒப்புக்கொண்டால், உப்புக்கரைசல் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்க்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரூர் ஆசிரியரின் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போது எனக்கு 31 வயது" என்றார். நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்கிறோம்; அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதற்கு அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு கேள்வி. வெறுங்காலோடுதான் ஏற வேண்டும் என்கிறார் அப்பா; அப்படியே ஏற விடலாமா?

நொய்யல்கரை

பக்தியோடு வெறுங்காலில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, தம்பி, அதைத் தடுக்க மனம் வராது. ஆனால் நாள்தோறும் செருப்பணிந்து நடக்கும் பாதம், நண்பகல் வெயிலில் சுட்ட பாறையில் இறங்குவதைத் தாங்காது. நீங்கள் பகலில் போகிறவர்கள். ஆகவே பழகிய கான்வாஸ் காலணி ஒன்றை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏறும்போது அவர் விருப்பப்படி ஏறட்டும், இறங்கும்போது போட்டுக்கொள்ளட்டும். கால் விரல் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடச் சொல்லுங்கள். இறக்கத்தில் விரல் நுனி காலணியின் முன்புறத்தில் இடித்துக்கொண்டே வரும். நெகிழிப் பைகளையும் பொட்டலங்களையும் வனத்துறையினர் அடிவாரத்திலேயே சோதித்து வாங்கிவிடுவார்கள், அதனால் தின்பண்டத்தைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போங்கள்.